நீல மையில் நான் எழுதிய கடிதம்

“…காலு பூரா கரிசல் அப்பியிருக்கு டீச்சர், உள்ள வந்தா உங்க புது டைல்ஸு வீணாப் போயிரும். நான் இங்கனயே நிக்கேன். அந்தத் தாளை இப்படி நீட்டுங்க, எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுட்டுப் போறேன். பாசிப்பயறுக் காட்டுல களையெடுப்பு பாதியில நிக்கி.”

தலைமை ஆசிரியர் அறையின் வெளிவாசலில் நின்றுகொண்டு இதைச் சொன்னவர் சவேரியம்மா. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் என்னிடம் படித்த ரோஸ்லினின் அம்மா. கார்த்திகை மழை விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நம் பக்கத்து மண் உங்களுக்குத் தெரியும். மழைக்கு மறுநாள் காட்டுக்குள் நாலு எட்டு வைத்தால் நடப்பது நாமா மண்ணா என்று சந்தேகம் வந்துவிடும். செருப்பைக் கையில் பிடித்தபடி, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகியபடி நின்றார். என் கையில் ஒரு தாள். அதில் அவர் கையெழுத்துப் போட்டால் அவர் மகளுக்கும் பள்ளிக்கும் அன்றோடு ஒட்டு இல்லை. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் தாளை எழுதியவளே நான்தான்.

சவேரியம்மா கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கட்டும். அந்தத் தாள் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆசிரியர் வேலைக்குப் படிக்கிற உங்களுக்கு முன்னால் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம், கற்பித்தல் இவற்றின் அடிப்படை என்ன என்பது தலைப்பு. நான் கடம்பூரில் அப்பாவின் சின்னக் கடையில் போளிக்கு இலை நறுக்கிக்கொண்டே தபால் வழியில் படித்துத் தேறியவள். பெரிய பெரிய கல்வி அறிஞர்களின் பெயர் எனக்கு வாயில் நுழையாது. ஆட்கள் பேசினதுதான் நினைவில் நிற்கும். மேடையில் அரை மணியில் மணி அடித்துவிட்டார்கள். சொல்ல விட்டதை எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை. ஆகவே கூசாமல் எழுதுகிறேன்.

என் முதல் பள்ளி குளத்தூர்ப் பக்கம். பாதிப் பிள்ளைகள் காட்டு வேலைக் குடும்பம், பாதி உப்பள வேலைக் குடும்பம். ஆறாம் வகுப்பில் சுயம்பு என்று ஒருவன். பள்ளி திறந்து ஒரு வாரம் வந்தான். பிறகு ஆளைக் காணோம். குடும்பத்தோடு உப்பளத்துக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்துப் பையன் சொன்னான். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். விதிப்படி நடக்கிறேன் என்கிற மிடுக்கு. இத்தனை நாளுக்கு மேல் வராவிட்டால் பெயரை எடுத்துவிடலாம் என்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். அளவுகோல் வைத்து, நேராக, அழகாகப் போட்டேன்.

ஐப்பசியில் மழை இறங்கியது. உப்பளம் நின்றது. குடும்பங்கள் ஊர் திரும்பின. ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைகிறேன், சுயம்பு உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை வெளுத்துப் போட்டு. நான் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். சுப்பையா என்றேன். உள்ளேன் டீச்சர் என்றான். அடுத்து சுயம்பு வர வேண்டும். அங்கே சிவப்புக் கோடு. நான் அதைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுக்கிறேன், அதற்குள் அவன் எழுந்துவிட்டான். யாரும் கூப்பிடாமலே “உள்ளேன் டீச்சர்” என்றான். அவன் முறை எது என்று அவனுக்குத் தெரியும், அத்தனை மாதம் கழித்தும்.

வகுப்பே சிரித்தது. “ஏலே, ஒம்பேரை வெட்டியாச்சுலே, உக்காரு” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். புதுசாக எழுதிக்கொள்கிறேன் உட்காரு என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ‘பெரிய டீச்சரைப் பார்த்துவிட்டு வா’ என்றேன். வெளியே போனான். பெரிய டீச்சர் அறைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்துத் தேடிக்கொண்டு போனேன். மாமாவோடு வெளியூர்க் கடையில் சேர்ந்துவிட்டதாக அவன் அம்மா சொன்னாள். “பேரு இல்லைன்னுட்டாங்களாமே டீச்சர். நீங்க சொன்னாச் சரியாத்தான இருக்கும்” என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொன்னது எங்கள் தலைமை ஆசிரியையை. அவரும் ஏசவில்லை. என் மேசைக்கு வந்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், வகுப்பின் கடைசியில் சுவரோரம் இருந்த அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

“இனிமே இது அங்கனதான் இருக்கணும். வேணும்னா எந்திரிச்சு நடந்துபோய் எடும்மா. பெஞ்சுகளுக்கு நடுவுலதானே நடக்கணும், அத்தனை பிள்ளைக மூஞ்சியையும் பாத்துக்கிட்டு. போய்ச் சேரதுக்குள்ள மனசு மாறினாலும் மாறும்.”

அதன்பிறகு வேலை பார்த்த எல்லாப் பள்ளியிலும் என் சிவப்புப் பேனா கடைசி அலமாரியில்தான் இருந்தது. “டீச்சர் அலமாரிக்குப் போறாவ டோய்” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். பாதி தடவை வெறுங்கையோடு திரும்பி வருவேன். அதைப் பார்த்தும் சிரிப்பார்கள். ஒரு பெயரைக்கூட நான் அதன்பிறகு வெட்டவில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

கடைசியாக நான் வேலை பார்த்த பள்ளி கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய வாரம். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். மழைக்கு ஒழுகிய கூரையை அலைந்து திரிந்து சரிசெய்தவர், அதோடு தன் அறைக்கு டைல்ஸும் போட்டுக்கொண்டவர்.

“டீச்சர், போன வருஷம் கூட்டத்துல என்னை எந்திரிக்க வச்சாங்க. என் மகன் வயசு அதிகாரி. ரிசல்ட் குறைஞ்ச ஸ்கூல் ஹெச்.எம். எல்லாம் நில்லுங்கன்னாரு. கூட்டம் முடியுற வரைக்கும் நின்னேன். எனக்கு மூட்டு வலி வேற. இந்த வருஷம் நிக்க முடியாது டீச்சர்.”

அவர் மேசையில் மூன்று பெயர் எழுதிய துண்டுத்தாள். மூன்றும் என் வகுப்புப் பிள்ளைகள். காலாண்டில் மூன்று நாலு பாடத்தில் பெயிலானவர்கள். முதல் பெயர் ரோஸ்லின்.

“நாம ஒண்ணும் விரட்டலை. வீட்டுலருந்தே எழுதிக் குடுத்து டி.சி. வாங்கிக்கிடுதாங்க. பிறகு தனித்தேர்வரா எழுதட்டுமே, யாரு வேண்டாம்னா? கடிதத்தை மட்டும் நாம எழுதி வச்சிக்கிடுவோம். உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எழுதுங்க, நான் சொல்லுதேன்.”

இங்கே நான் சற்று நிறுத்தி உங்களிடம் கேட்கிறேன். டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளை தனியாகப் படித்துத் தனியாகத் தேர்வு எழுதும் என்று எனக்கு நம்பிக்கை இருந்ததா? இல்லை. பள்ளியை விட்ட மறுவாரமே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி தெருவுக்குள் வந்து கூட்டிக்கொண்டு போகும், அல்லது அம்மாவோடு களையெடுக்கப் போகும். ஒன்றிரண்டு வருஷத்தில் கல்யாணம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேனாவைத் திறந்தேன். கையெழுத்து அச்சு மாதிரி என்று சொன்னது இனித்தது. ஒரு நல்ல மனிதர் மூட்டு வலியோடு நின்றார் என்பது உறுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் கையில் இருந்தது நீலப் பேனா. சிவப்பைத்தான் நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். நீலத்தாலும் ஒரு பெயரை வெட்டலாம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று கடிதங்களையும் எழுதி முடித்து, வரி நேராக இருக்கிறதா என்று தள்ளி வைத்து வேறு பார்த்தேன்.

உங்களுக்குப் பேனாவே கிடையாது. போனில் ஒரு தட்டு, பெயர் இருக்கும். இன்னொரு தட்டு, இருக்காது. நீங்கள் அலமாரிக்கு நடக்க வழியில்லாத காலத்தில் வேலைக்கு வருகிறீர்கள். அதனால்தான் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

இனி வாசலுக்குப் போவோம்.

மூன்று வீட்டில் முதலில் வந்தது சவேரியம்மா. தாளை நீட்டுங்கள், போட்டுட்டுப் போகிறேன் என்கிறார். அறைக்குள் தலைமை ஆசிரியர் நாற்காலியில். நான் வாசலுக்கு உள்பக்கம், தாளோடு. ரோஸ்லின் எனக்குப் பின்னால் சுவரை ஒட்டி நிற்கிறாள். அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வந்திருந்தோம்; எதற்கென்று அவளுக்கும் சொல்லவில்லை.

பேனாவைச் சவேரியம்மா கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். களைக்கொத்தைப் பிடிக்கிற மாதிரி, உள்ளங்கைக்குள். தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. சுயம்புவின் அம்மாவிடம் அன்று பார்த்த அதே முகம். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“என்னாச்சு டீச்சர்?”

“கையெழுத்துப் போடதுக்கு முன்னால தாளுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிடணும்லா. ரோஸ்லின், இங்கன வா. அம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டு.”

தலைமை ஆசிரியர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. “டீச்சர், அவளுக்கு வாசிக்க வராதுன்னுதானே இந்த ஏற்பாடே. நேரத்தை வீணாக்காதீங்க.”

“வராட்டி வர்ற வரைக்கும் நிப்போம் சார். எனக்கு மூட்டு வலி இல்ல.”

அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பு. இருபத்தேழு வருஷ வேலையில் ஒரு தலைமை ஆசிரியரிடம் அப்படிப் பேசியதில்லை.

ரோஸ்லின் தாளை வாங்கினாள். எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வாசித்தாள்.

“ஐயா… எனது… மகள்… ரோஸ்லின்…”

தன் பெயரைப் பார்த்ததும் நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்; தினமும் கரும்பலகையில் பார்க்கிற எழுத்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன். “வாசிம்மா” என்றேன்.

வாசித்தாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக அவளால் தொடர்ந்து பள்ளிக்கு வர இயலவில்லை என்று வாசித்தாள். எனது சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று வாசித்தாள். ‘மாற்றுச் சான்றிதழ்’ என்ற இடத்தில் மூன்று தடவை தடுக்கினாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தானே ஏறி வந்தாள். நாலு வரிக் கடிதம். கால் மணி நேரம் ஆனது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் இரண்டு நிமிஷம் இருக்கலாம். முடித்தபோது அவள் குரலில் அழுகை இல்லை. கோபம் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் நான் முதல்முதலாகப் பார்த்த கோபம்.

சவேரியம்மா செருப்பைக் கீழே வைத்தார்.

“ஏட்டி, மாத்துச் சான்றிதழ்னா?”

“டி.சி.ம்மா. என்னைய நிப்பாட்டுதாங்க.”

சவேரியம்மா என்னைத் தாண்டி அறைக்குள் பார்த்தார். “பெரிய சார், எம்மவ வாசிச்சதுல எனக்கு ஒண்ணு விளங்கலை. குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருக்கே, அது எந்தக் குடும்பம்?”

அவர் மேசையில் இருந்த துண்டுத்தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“எங்க குடும்பத்துல ஒரு சூழ்நிலையும் இல்லையே சார். நான் காட்டுக்குப் போறேன், அவிய அப்பா கொத்தனார் வேலைக்குப் போறாவ. இவ தெனமும் இங்க வாரா. நேத்து அடிச்ச மழையிலகூட சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வந்தா. வர இயலலைன்னு எழுதியிருக்கு? வந்த பிள்ளையை வரலைன்னு எழுதுறதுக்கு ஒரு தாளு, அதுல நான் வேற கையெழுத்துப் போடணுமாக்கும்?”

“ஏம்மா, உன் மகளுக்குப் படிப்பு ஏறலை. பெயிலாப் போனா உனக்குத்தான் கேவலம்.”

“எனக்கு என்ன சார் கேவலம்? நானே மூணாப்புல பெயிலுதான். ஆனா எங்க சார் எம்பேரைச் சொல்லிப் பெயிலாக்குனாவ. பேரே இல்லாமலா ஆக்குனாவ?”

நான் எங்கெங்கோ கேட்டு நோட்டில் எழுதிவைத்த பேச்சுகளில் இதற்கு இணையாக ஒன்று கிடையாது. தோற்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரை வைத்திருக்கிற இடம் பள்ளிக்கூடம். என் தலைப்புக்கு இதைத்தான் மேடையில் சொல்ல நினைத்தேன், மணி அடித்துவிட்டார்கள்.

தலைமை ஆசிரியர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். “டீச்சர், ரிசல்ட் வரும்போது நான்தான் எந்திரிச்சு நிக்கணும். உங்களுக்கு அது தெரியும்.”

“தெரியும் சார். அன்னைக்கு நானும் உங்ககூட வந்து நிக்கேன்.”

வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. நின்றேன். ரிசல்ட் வந்த பிறகு கூட்டம் நடந்த மண்டபத்தில் கூப்பிடாத ஆளாகப் போய், அவர் பக்கத்தில் நின்றேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். பத்தாம் ‘பி’ வகுப்பாசிரியர் என்றேன். உட்காரச் சொன்னார்கள். சார் உட்கார்ந்தால் உட்காருகிறேன் என்றேன்.

மெமோவும் வந்தது. தலைமை ஆசிரியர் சொன்னதை மீறியதற்கு விளக்கம் கேட்டு. நான் எழுதிய விளக்கம் இரண்டே வரி: ‘மாணவியை வாசிக்கச் சொன்னேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.’ அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன். நல்லாசிரியர் விருது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டு அலமாரியில் விருது வைக்கிற இடத்தில் இந்த மெமோதான் இருக்கிறது.

மூன்று பெயரும் பட்டியலில் போயின. மற்ற இரண்டு கடிதங்களை அன்று சாயந்திரமே கிழித்தேன். மூன்று பிள்ளைகளையும் மூன்று மாதம் வைத்து வாசிக்கச் செய்தேன். நான் செய்த வேலைக்குப் பரிகாரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்லின் பாஸானாளா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? மேடையை விட்டு இறங்கியதும் இதைச் சுருக்கமாகச் சொன்னபோது ஒரு தம்பி அதைத்தான் கேட்டார். நான் சொல்ல மாட்டேன். பாஸானாள் என்றால் ‘அப்போ சரி, நீங்கள் செய்தது நியாயம்’ என்பீர்கள். ஆகவில்லை என்றால் தலைமை ஆசிரியர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று யோசிப்பீர்கள். இரண்டும் வேண்டாம். அவள் தேர்வு எழுதினாள். அவள் பெயர் அச்சான சீட்டோடு போய், மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து எழுதினாள். ஒரு பிள்ளை பெஞ்சில் உட்காரலாமா கூடாதா என்பதை அது வாங்கப்போகிற மார்க்கை வைத்து முடிவு செய்கிற ஆளாக நீங்கள் வராதீர்கள். அப்படி வருவதாக இருந்தால் வேறு வேலை பாருங்கள். நாட்டில் வேலையா இல்லை?

உங்களிடம் ஒரு நாள் யாராவது நல்ல மனிதர் நல்ல வார்த்தை சொல்லி ஒரு தாளை நீட்டுவார். அவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அந்தத் தாள் யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்த பிறகும் உங்களால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிந்தால் தாராளமாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சவேரியம்மா அன்று என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன். தலைமை ஆசிரியர் அறைக்கு இரண்டு வாசல். ஒன்று அவர் நின்ற முற்றத்து வாசல். இன்னொன்று எதிர்ப்பக்கம், பத்தாம் வகுப்புகள் இருக்கிற வராந்தாவுக்குத் திறப்பது. வகுப்புக்குப் போக வெளியே சுற்றுவழியும் உண்டு. மழைச் சேற்றில் வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள்.

சவேரியம்மா மகள் கையிலிருந்த தாளை வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகினார். “இது எங்கிட்ட இருக்கட்டும் சார். எங்க குடும்பச் சூழ்நிலை இதுலதான இருக்கு” என்றார். பேனாவை என் கையில் திரும்பக் கொடுத்தார். ரோஸ்லினின் கையைப் பிடித்தார். வாசற்படியில் காலைத் தேய்க்கவில்லை. கரிசல் அப்பிய காலோடு உள்ளே ஏறி, அந்த வெள்ளை டைல்ஸ் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து, தலைமை ஆசிரியர் மேசையை ஒட்டி நடந்து, எதிர் வாசல் வழியாக வராந்தாவில் இறங்கிப் பத்தாம் ‘பி’க்குள் போனார். முன் பெஞ்சில் இருந்த பிள்ளையிடம் “கொஞ்சம் தள்ளி உக்காருத்தா” என்றார். மகளை உட்கார வைத்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தும் வைத்தார்.

பிறகு காட்டுக்குக் கிளம்பினார். வகுப்பிலிருந்து காட்டுக்கு அந்தச் சுற்றுவழிதான் பக்கம். அவர் அதில் போகவில்லை. வந்த வழியே, மறுபடியும் அந்த டைல்ஸ் மேலேயே நடந்து, முற்றத்து வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.